ஓ-ரிங் எதைப் பார்த்து எடுப்பது? ஹைட்ரோலிக் விஞ்சிலும் அமோனியா கொம்பிரசரிலும் ஒழுக்கு நிற்கவில்லை

கொட்பே பிற்றர் கேட்டது:

வணக்கம். திருகோணமலை கொட்பேப் பக்கம் படகு வேலையும் ஐஸ் தொழிற்சாலை வேலையும் பார்க்கிறம். ஓ-ரிங் (ஒழுக்கை அடைக்கிற வட்ட றப்பர் வளையம்) விசயத்தில இரண்டு இடத்தில தொடர்ந்து தொல்லை. அளவுகளைத் தாறன், தெரிஞ்சவர்கள் சொல்லுங்கோ.

முதலாவது, பலநாள் படகில் வலை இழுக்கிற ஹைட்ரோலிக் விஞ்ச். ஜப்பான் இயந்திரம். கட்டுப்பாட்டு வால்வ் புளொக்கில் ஒரு வட்ட மூடி, அதைச் சுற்றிக் காடி வெட்டி ஓ-ரிங் போட்டிருக்கு. காடியின் அடி விட்டம் 50.0 மில்லிமீற்றர், மூடி இறங்கும் துளை 56.0, காடி அகலம் 4.7, மூடியின் வெளி விட்டம் 55.8. அமுக்கம் 140 பார். ஒயில் 68 ஆம் இலக்க ஹைட்ரோலிக் ஒயில். பழைய ரிங் தட்டையாகி நாடா மாதிரிக் கிடந்ததால் அளவெடுக்க முடியவில்லை. கடையில் "50 ரிங்" என்று கேட்டு வந்தது உள் விட்டம் 49.4, தடிப்பு 3.1. போட்ட அன்றே ஒழுகிச்சுது. பிறகு கலப்புப் பெட்டியில் இருந்து தடிப்பு 3.53 உள்ள ஒன்றைப் போட்டம். அது மூன்று கிழமை நின்றது. கழற்றிப் பார்த்தால் ஒரு பக்க விளிம்பு முழுக்க எலி கொறிச்ச மாதிரி.

இரண்டாவது, ஐஸ் தொழிற்சாலை அமோனியா கொம்பிரசர். ஒயில் பில்டர் மூடியில் இருந்த கறுப்பு ரிங்குக்குப் பதிலாக, நல்ல சாமானாகப் போடுவம் என்று மண்ணிற வைட்டன் (புளோரின் சேர்ந்த றப்பர்) போட்டம். விலை நாலு மடங்கு. பத்தே நாளில் விறைச்சுப் போய், வளைச்சால் முறியுது. போலிச் சாமானா, அல்லது பிழை எங்கட பக்கமா?

தம்பலகாமம் லேத் எழுதியது:

தம்பி, அளவுகளை ஒழுங்காகத் தந்ததால் விஞ்ச் மூடிக்கு நேராகவே பதில் சொல்லலாம். காடி அடி 50, துளை 56, அகலம் 4.7 என்றால் அது ஜப்பானின் ஜே.ஐ.எஸ். பி 2401 தரத்தில் "பி 50" ரிங்குக்கு வெட்டின காடி. பி 50 இன் அளவு உள் விட்டம் 49.7, தடிப்பு 3.5. உங்களுக்குக் கடையில் தந்தது "ஜி 50", அதாவது 49.4க்கு 3.1. இரண்டுக்கும் பெயரில் 50 இருப்பதால் இந்த மாறாட்டம் அடிக்கடி நடக்கும். ஜி வரிசைக்குக் காடி வேறு. அதே 50 அடிக்குத் துளை 55 தான் வரும்.

கணக்கைப் பாருங்கோ. துளை 56, அடி 50, ஆகவே ரிங் இருக்கும் உயரம் (56 - 50) ÷ 2 = 3.0. பி 50 போட்டால் 3.5 இல் 0.5 நசியும், அது 14 வீதம். அசையாத மூடிக்குப் போதுமான இறுக்கம். ஜி 50 போட்டால் 3.1 இல் 0.1 தான் நசியும், 3 வீதம். அந்த ரிங்கின் தடிப்பில் 0.1 கூடக்குறைய இருக்கத் தரத்திலேயே இடம் உண்டு. குறைந்த பக்கம் வந்த ரிங் என்றால் நசிவு சைபர். அது காடியில் சும்மா படுத்திருக்கும். போட்ட அன்றே ஒழுகினதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவதாகப் போட்ட 3.53 தடிப்பு அமெரிக்க ஏ.எஸ். 568 அளவு. கலப்புப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் அந்த வரிசைதான். தடிப்பைப் பார்த்தால் பிடிபடும்: 1.78, 2.62, 3.53, 5.33, 6.99 என்றால் அமெரிக்க வரிசை. ஜப்பான் பி வரிசையில் 1.9, 2.4, 3.5, 5.7, 8.4. ஜி வரிசையில் 3.1, 5.7. உங்கள் மூடிக்கு அமெரிக்க வரிசையில் கிட்ட வருவது இரண்டு. 226 ஆம் இலக்கம் உள் விட்டம் 50.39, அடியில் பிடிக்காமல் தளர்ந்து நிற்கும், மூடியை இறக்கும்போது ஒரு பக்கம் தொங்கித் துளை விளிம்பில் வெட்டுப்படும். 225 ஆம் இலக்கம் 47.22, அதை 50க்கு இழுத்தால் கிட்டத்தட்ட 6 வீத இழுவை. 5 வீதத்துக்கு மேல் இழுத்து வைத்த ரிங் தடிப்பிலும் மெலியும், சீக்கிரம் வெடிக்கும். ஆகவே இரண்டையும் விடுங்கோ, பி 50 ஐயே தேடி எடுங்கோ.

இனி எலி கொறித்த மாதிரி வந்த கதை. அதற்கு அளவு காரணம் இல்லை, இடைவெளியும் கடினமும்தான். மூடி 55.8, துளை 56.0, விட்டத்தில் 0.2 இடைவெளி. 140 பார் அமுக்கத்தில் ரிங் அந்த இடைவெளிக்குள் பிதுங்கும். வலை இழுக்கும் விஞ்சில் பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அமுக்கம் துடிக்கும். அமுக்கம் ஏற இடைவெளி விரிந்து றப்பர் உள்ளே போகும், இறங்க இடைவெளி மூடி அதைக் கடிக்கும். அந்தத் தும்புதான் நீங்கள் பார்த்தது. றப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண ஷோர் ஏ 70 கடின ரிங்குக்கு 100 முதல் 160 பார் வரையான அமுக்கத்தில் ஜப்பான் தரம் அனுமதிக்கும் இடைவெளி விட்டத்தில் 0.07 மட்டும். 90 கடினத்துக்கு 0.30. உங்கள் 0.2 எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியுது தானே?

அசல் இயந்திரத்திலும் 90 கடினம்தான் இருந்திருக்க வேணும். கடையில் "பி 50, 1பி" என்று கேளுங்கோ. 1ஏ என்றால் 70 கடின நைட்ரைல் (ஒயில் தாங்கும் செயற்கை றப்பர்), 1பி என்றால் 90 கடின நைட்ரைல். 70 கடினமே கையில் இருக்கு என்று டெஃப்லான் துணை வளையம் சேர்த்துப் போட நினைக்க வேண்டாம். ஒரு துணை வளையத்தோடு போட இந்தத் தடிப்புக்குக் காடி அகலம் 6.0 வேணும், உங்களிடம் 4.7 தான். காடியை அகலமாக்கலாம், ஆனால் மூடியின் சுவர் மெலியும். 140 பாரில் அந்த வேலையை நான் செய்யச் சொல்ல மாட்டன்.

போடுவதற்கு முன் துளையின் வாயைத் தடவிப் பாருங்கோ. 15 முதல் 20 பாகை சரிவு வெட்டியிருக்க வேணும். சரிவு இல்லாமல் கூர் விளிம்பாக இருந்தால் 90 கடின ரிங் 70 ஐ விட மோசமாக வெட்டுப்படும். காடி அடியில் லேத் ஓடின வட்டக் கோடு பரவாயில்லை. குறுக்கே ஓடும் கீறல் நகத்தில் தட்டுப்பட்டால் அதன் வழியே ஒயில் போகும், எந்த ரிங்கும் நிற்காது. பழைய ரிங்கை ஸ்குறூ டிரைவரால் கிண்டி எடுத்தால் விழும் கீறலே இது. பித்தளைக் கம்பி அல்லது பிளாஸ்ரிக் குச்சியால் எடுங்கோ.

குளிரூட்டி_திருமலை எழுதியது:

விஞ்ச் விசயம் மேலே முடிந்துவிட்டது. அமோனியாவுக்கு வருகிறேன். உங்கள் வைட்டன் போலி என்று முடிவெடுக்க வேண்டாம். அசல் வைட்டனுக்கும் அமோனியாவில் இதே கதிதான். புளோரின் சேர்ந்த றப்பர் எண்ணெய்க்கும் டீசலுக்கும் 200 பாகைச் சூட்டுக்கும் நிற்கும். அமோனியா போன்ற காரப் பொருள் அந்தப் புளோரினைப் பிடுங்கி எடுக்கும். எடுத்த பிறகு றப்பர் விறைத்துக் கண்ணாடி மாதிரி முறியும். நீங்கள் எழுதிய அடையாளம் அச்சாக அதுதான். சூடான நீராவியிலும், அசிட்டோன் போன்ற கரைப்பான்களிலும் சாதாரண வைட்டன் நிற்காது.

விலை கூடினால் நல்ல றப்பர் என்ற கணக்கு இந்தத் தொழிலில் எடுபடாது. எந்தத் திரவம், அதோடு என்ன கலந்திருக்கு, எவ்வளவு சூடு என்பதைப் பார்த்துத்தான் றப்பரை எடுக்க வேண்டும்.

உங்கள் பில்டர் மூடியில் அமோனியா மட்டும் இல்லை, கொம்பிரசர் ஒயிலும் இருக்கிறது. இங்கேதான் அடுத்த பிழை காத்திருக்கு. அமோனியாவுக்கு ஈ.பி.டி.எம். (எத்திலீன் புரொப்பிலீன் வகை றப்பர்) நல்லது என்று அட்டவணையில் பார்த்து அதைப் போட்டுவிடுவார்கள். அமோனியாவை அது தாங்கும், உண்மை. ஆனால் கனிம எண்ணெயில் ஈ.பி.டி.எம். ஊறி வீங்கும். வீங்கிய ரிங் காடியை நிரப்பி, போக இடமில்லாமல் வெளியே பிதுங்கும். ஆகவே அமோனியாவும் கனிம ஒயிலும் சேரும் இடத்துக்கு வழக்கமாகப் போடுவது குளோரோபிரீன், கடைப் பெயர் நியோபிரீன். இரண்டையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். முதலில் கழற்றிய கறுப்பு ரிங் அதுவாகத்தான் இருந்திருக்கும். கொம்பிரசரின் பாகப் புத்தகத்தில் இலக்கத்தைப் பார்த்து, திருமலைக் கடைகளில் இல்லையென்றால் கொழும்பில் அந்த இலக்கத்துக்கே சொல்லி எடுங்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் "இதே அளவு கறுப்பு ரிங்" என்று கேட்டால் நைட்ரைலைத் தருவார்கள். குளிரான அமோனியாவில் நைட்ரைல் தாக்குப்பிடிக்கும், சூடேறும் பக்கத்தில் விறைக்கும்.

ஒயில் பில்டர் பக்கம் 50, 60 பாகையோடு நிற்கும், குளோரோபிரீனுக்கு அது லேசு. தலைப் பக்கம், டிஸ்சார்ஜ் பக்கம் அப்படி இல்லை. பிஸ்டன் கொம்பிரசரில் வெளியேறும் அமோனியா 120 பாகையையும் தாண்டும். அங்கே தயாரிப்பாளர் பைபர் காஸ்கெட்டோ அலுமினியக் காஸ்கெட்டோ போட்டிருந்தால் அதையே போடுங்கள். ஓ-ரிங் வெட்டிப் போடும் யோசனை வேண்டாம்.

மூடியைத் திறக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், இதில் அவசரப்படக் கூடாது. பம்ப் டவுன் செய்து (கொம்பிரசருக்குள் இருக்கும் அமோனியாவை வெளியே தள்ளி), உறிஞ்சு பக்கமும் டிஸ்சார்ஜ் பக்கமும் ஸ்டொப் வால்வுகளை மூடி, மோட்டர் சுவிட்சைப் பூட்டி, கேஜ் சைபருக்கு வந்து அங்கேயே நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பாருங்கள். மெல்ல ஏறினால் வால்வ் உள்ளே விடுகிறது, திறக்காதீர்கள். சைபரில் நின்றாலும் ஒயிலுக்குள் அமோனியா கரைந்திருக்கும். மூடி தளர்ந்ததும் சோடா மாதிரி நுரைத்து எழும்பும். போல்ட்டுகளை முழுக்கக் கழற்றாமல் எல்லாவற்றையும் ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, நுரை அடங்கிய பிறகு எடுங்கள். அமோனியாவை வடிகட்டும் குடுவை பூட்டிய முகமூடி, கண்ணாடி, கையுறை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், வாசலில் இன்னொரு ஆள். இந்த ஐந்தும் இல்லாமல் தொடங்க வேண்டாம். அமோனியா காற்றை விட இலேசு, மேலே எழும்பும். கூரைப் பக்கத் திறப்புகள் திறந்திருக்கட்டும்.

ஒருமுறை அமோனியாவில் இருந்து கழற்றிய ரிங்கைப் பார்வைக்கு நல்லா இருக்கு என்று திரும்பப் போடாதீர்கள். வாயு றப்பருக்குள் ஊறியிருக்கும், வெளியே வந்ததும் வீங்கும், பிறகு சுருங்கும். மூடி பூட்டிய பின் கந்தகத் திரியைக் கொளுத்தி விளிம்பைச் சுற்றிக் காட்டுங்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் தடித்த வெள்ளைப் புகை எழும்பும். நனைத்த சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாவதும் அதே சாட்சி.

மூதூர் மெக்கானிக் எழுதியது:

எல்லா இடத்துக்கும் எச்.என்.பி.ஆர். (ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல்) வாங்கி வைத்தால் பிரச்சினை தீரும். ஒயில், 150 பாகைச் சூடு, அமோனியா எல்லாம் தாங்கும் என்கிறார்கள்.

குளிரூட்டி_திருமலை எழுதியது:

எச்.என்.பி.ஆர். நல்ல றப்பர்தான், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் நைட்ரைலை விட ஒரு படி மேல். அமோனியாவுக்கு என்றே கலவை செய்தவையும் உண்டு, பாக்கெட்டில் அப்படிப் போட்டிருந்தால் தாராளமாகப் போடலாம். பெயர் ஒன்று, உள்ளே கலவை நூறு என்பதால் வெறும் பெயரை நம்பி அமோனியாவில் இறக்க மாட்டேன். பிரேக் ஒயிலுக்கு அது ஆகவே ஆகாது, அங்கே வழக்கம் ஈ.பி.டி.எம். தான்.

கொட்பே பிற்றர் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. பி 50, 1பி க்குச் சொல்லிவிட்டன். இன்னொன்று. எங்கட பட்டறையில் பெயர் இல்லாத கறுப்பு ரிங் ஒரு போத்தல் நிறையக் கிடக்கு. வைட்டனிலும் கறுப்பு வருதாம். கொளுத்திப் பார்த்துத் தெரிஞ்சுகொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?

தம்பலகாமம் லேத் எழுதியது:

கொளுத்த வேண்டாம் தம்பி. வைட்டன் கடும் சூட்டில் சிதைந்தால் ஹைட்ரஜன் புளோரைட் வரும். அது மூச்சுக்கும் ஆகாது, ஈரத்தோடு சேர்ந்தால் தோலை ஊடுருவி எலும்பு வரை போகும். தீப்பிடித்த எஞ்சினில் கறுத்து உருகிக் கிடக்கும் ரிங்கையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

நிறத்தை நம்புவதிலும் பலன் இல்லை. எந்த றப்பருக்கும் எந்த நிறமும் போடலாம். நிறுத்துப் பாருங்கோ. வைட்டனின் அடர்த்தி 1.8 க்கு மேல், நைட்ரைலும் ஈ.பி.டி.எம். உம் 1.2 அளவில். பி 50 ரிங்கின் கனவளவு 1.6 கன சென்ரிமீற்றர். நைட்ரைல் என்றால் 2 கிராம் அளவில் நிற்கும், வைட்டன் என்றால் 3 கிராம். நகைக்கடைத் தராசில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வேறு அளவுக்கு, உள் விட்டத்தோடு தடிப்பைக் கூட்டி, அதை 3.14 ஆல் பெருக்கினால் ரிங்கின் நீளம். தடிப்பைத் தடிப்பால் பெருக்கி 0.785 ஆல் பெருக்கினால் குறுக்குப் பரப்பு. இரண்டையும் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் கன சென்ரிமீற்றர்.

நைட்ரைலா ஈ.பி.டி.எம். ஆ என்பதைத் தராசு சொல்லாது. ஒரு ரிங்கை டீசலில் ஒரு நாள் ஊற வையுங்கோ. ஈ.பி.டி.எம். என்றால் கொழுத்து, தளர்ந்து, காடியில் இருக்க மறுக்கும். நைட்ரைல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஊற வைத்ததை எறிந்துவிடுங்கோ. இந்தச் சோதனைகள் பிழையான ரிங்கை ஒதுக்கத்தான். அமோனியாவுக்கும் 100 பாருக்கு மேலுள்ள ஹைட்ரோலிக்குக்கும் போத்தல் ரிங் வேண்டவே வேண்டாம், பெயரும் திகதியும் உள்ள பாக்கெட்டை உடையுங்கோ.

தட்டையான பழைய ரிங்கில் அளவெடுக்க ஒரு வழி உண்டு. குறுக்கே ஒரு இடத்தில் வெட்டி, இழுக்காமல் நேராக வைத்து நீளம் பாருங்கோ. 167 மில்லிமீற்றர் வந்தால், 3.14 ஆல் வகுக்க 53.2, அதில் தடிப்பு 3.5 ஐக் கழிக்க 49.7, பி 50. 165 வந்தால் ஜி 50. தடிப்பு நசிந்திருக்கும் என்பதால் அதைக் காடியில் இருந்து எடுங்கோ. எண்ணெயில் ஊறிய ரிங் நீளத்திலும் கொஞ்சம் ஏமாற்றும். எப்போதும் காடிதான் முதல் சாட்சி.

சீனக்குடா ஸ்டோர் எழுதியது:

வைப்பும் பூட்டும் முறையும் யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஈ.பி.டி.எம். ரிங்குக்கு வசிலீன் பூசக் கூடாது. வசிலீன் கனிம எண்ணெய்ச் சரக்கு, ரிங் வீங்கும். சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். சிலிக்கன் றப்பருக்கு மாத்திரம் சிலிக்கன் கிறீஸ் ஆகாது. ஹைட்ரோலிக் நைட்ரைலுக்கு அதே ஹைட்ரோலிக் ஒயிலில் நனைத்தால் போதும். மரை மேலால் ரிங் ஏற வேண்டி வந்தால் மரைக்கு டேப் சுற்றி ஏற்றுங்கள். இருந்த பிறகு ரிங்கில் வார்ப்பு அச்சு விட்ட கோடு சுற்றிவர ஒரே பக்கம் நிற்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். முறுகி இருந்த ரிங் அசையும் தண்டில் சுருள் சுருளாக வெட்டுப்படும்.

றப்பர் நாடாவை வெட்டி சூப்பர் குளூ ஒட்டிச் செய்யும் ரிங், தண்ணீர்த் தொட்டி மூடி போன்ற அசையாத, அமுக்கம் குறைந்த இடத்துக்கு மட்டும். பிஸ்டனுக்கும் தண்டுக்கும் ஒட்டு ரிங் போட்டால் ஒட்டிய இடமே முதலில் போகும்.

படகின் கடல்நீர் பம்புக்கு நைட்ரைலே போதும். அங்கே பழுதாவது ரிங் அல்ல, காடி. 304 ஸ்டெயின்லெஸ் என்றால் ரிங்கின் அடியில், காற்றுப்படாத இடத்தில், உப்புநீர் நின்று குழி அரிக்கும். அந்தக் குழி வழியே ஒழுகும்போது ரிங்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பலன் இல்லை. 316 அல்லது வெண்கல உடல் பாருங்கள். காடியை நல்ல தண்ணீரில் கழுவி, உப்புப் பரலை எடுத்து, காய்ந்த பின் பூட்டுங்கள்.

எஞ்சின் லைனர் ரிங் செட்டில் தண்ணீர்ப் பக்கத்துக்கு ஒரு றப்பர், ஒயில் பக்கத்துக்கு வேறு றப்பர் வருவது உண்டு. நிறமோ கோடோ போட்டுத் தருவார்கள். படத்தைப் பார்த்தே போட வேண்டும். மாறினால் ஒயில் பக்கத்து ரிங் வீங்கி லைனரை நெருக்கும்.

வைப்பைப் பற்றிச் சொன்னால், ஐ.எஸ்.ஓ. 2230 இன்படி பாக்கெட்டில் மூடி வைத்த நைட்ரைலுக்கும் குளோரோபிரீனுக்கும் 7 ஆண்டு, வைட்டன், ஈ.பி.டி.எம்., சிலிக்கனுக்கு 10 ஆண்டு. இருட்டு, 25 பாகைக்குக் கீழ் என்ற நிபந்தனையில்தான் அந்தக் கணக்கு. திருமலை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் மேல் தட்டில் வைத்த நைட்ரைலுக்கு 7 ஆண்டு எதிர்பார்க்க முடியாது. கீழ்த் தட்டில், கறுப்புப் பொலித்தீனில், தட்டையாக. ஆணியில் தொங்கவிட்ட ரிங் தொங்கின இடத்தில் இழுபட்டு வெடிக்கும். வெல்டிங் மெசின், ஓடும் மோட்டர் பக்கத்தில் ஓசோன் உண்டாகும், நைட்ரைலுக்கு அதுதான் பெரிய எதிரி. போத்தலில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வளைவின் முதுகில் நுண்ணிய வெடிப்பு வரிகள் தெரிந்தால் அது குப்பைக்கு.

கொட்பே பிற்றர் எழுதியது:

போத்தலைக் கொட்டிச் சுற்றிப் பார்த்தன். பாதிக்கு மேல் வெடிப்பு வரி இருக்கு, எறியிறன். மூடித் துளையின் வாயில் சரிவும் இல்லை, கூர் விளிம்பாகத்தான் கிடக்கு. புளொக்கைக் கழற்றி லேத்துக்குக் கொண்டு வந்தால் 20 பாகைச் சரிவு வெட்டலாமா?

தம்பலகாமம் லேத் எழுதியது:

வெட்டலாம், ஆனால் ரிங் வந்து இருக்கும் இடத்துக்கு முன்னமே சரிவு முடிய வேணும். மூடியை ரிங் இல்லாமல் இறக்கி, காடியின் கீழ் விளிம்பு துளைக்குள் எவ்வளவு ஆழத்தில் நிற்குது, மேல் விளிம்பு எவ்வளவில் நிற்குது என்று அளந்து கொண்டு வாங்கோ. சரிவின் வாய் விட்டம் 57க்குக் குறையாமல் இருக்க வேணும், ரிங்கின் வெளி விட்டம் 56.7 என்பதால். பக்கத்துக்கு 0.5 அகலம், 20 பாகையில் ஆழம் 1.4 மில்லிமீற்றர் அளவில் வரும். காடியின் மேல் விளிம்புக்கு மேலே துளை வாய்வரை 2 மில்லிமீற்றராவது இருந்தால் தாராளம். அதற்குக் குறைவென்றால் வெட்டாமல், விளிம்பை 400 ஆம் இலக்க எமறித் தாளால் சுற்றிவர உருட்டி மழுக்கி, நன்றாக ஒயில் விட்டு, மூடியை நேராக, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கால் சுற்றாக இறுக்கி இறக்குங்கோ. எமறித் தூள் புளொக்குக்குள் போகாமல் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத் தொடங்குங்கோ.